மத்தியானத்துக்காரி

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தி வேலை பார்த்தவள் நான். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர், கடைசிச் சில வருஷம் தலைமை ஆசிரியை. என் குரல் கேட்டால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையன் சட்டையை எடுத்து டவுசருக்குள் விடுவான். அந்தக் குரல் இப்போது என்னைத்தான் அதட்டிக்கொண்டிருக்கிறது. "டீச்சர், கேஸை மூடியாச்சா? போய்ப் பார்." எழுந்து போய்ப் பார்ப்பேன். மூடியிருக்கும். சில நாள் மூடியிருக்காது.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் இதற்கு மறதி நோயின் ஆரம்பம் என்று பெயர் சொன்னார். "லேசாத்தான் இருக்கு. இன்னும் ரொம்ப நாளைக்கு உங்க வேலைய நீங்களே பாத்துக்கிடலாம்" என்றார். லேசு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்களைக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்கு லேசு என்ன, கனம் என்ன. ஆனாலும் டாக்டர் சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டேன். என் வேலையை நானே பார்த்துக்கொள்வேன். அதில் யாரும் தலையிடக் கூடாது.

மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. லீவு போட்டு வந்து என் செல்போனில் ஒரு ஆப் ஏற்றினாள், ஹாலில் பிரிட்ஜ் மேல் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தாள், முன்வாசலில் அழைப்பு மணியோடு சேர்த்து ஒரு கேமரா மாட்டினாள். மாத்திரை நேரம், தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் நேரம், யாருக்குப் போன் பண்ண வேண்டும் என்பதெல்லாம் அந்த ஸ்பீக்கர் சொல்லும். வாசலில் யார் வந்தாலும் கேமரா முகத்தைப் பார்த்து, "பால்காரர் வந்திருக்கிறார்", "உங்கள் கணவர் வந்திருக்கிறார்" என்று அறிவிக்கும். "அம்மா, இது நாங்க உன்னைப் பாத்துக்கிடதுக்கு இல்ல. நீயே உன்னைப் பாத்துக்கிடதுக்கு" என்றாள். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் அந்த ஆப்பிலேயே இருந்த ஒரு பெண் குரல்தான் பேசியது. "தயவுசெய்து மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று குழைந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. எவளோ ஒருத்தி என் வீட்டு ஹாலில் இருந்து எனக்கு உத்தரவு போடுவதா? அடுத்து அவர் குரலைப் பதிந்து பார்த்தோம். அவர் என்றால் என் வீட்டுக்காரர். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்பதைத் தவிர வேறு எதற்கும் குரலை உயர்த்தாதவர். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அந்தக் குரல் என் காதில் விழாமலே போய்விடும். கடைசியில் மகளே சொன்னாள்: "நீ யார் சொன்னாலும் கேக்க மாட்ட. நீ சொன்னா மட்டும்தான் கேப்ப. உன் குரலையே போட்டுருவோம்." அப்படித்தான் நான் எனக்கு டீச்சர் ஆனேன். அவர் என்னை எப்போதும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாகத் தொடங்கி அதுவே பெயராக நிலைத்துவிட்டது. நானும் என்னை அப்படியே கூப்பிட்டுப் பதிந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் பதிந்து வைப்பதை என்னைத் தவிர யாரும் அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது, நிறுத்தக் கூடாது. என் விரல் வைத்தால்தான் திறக்க வேண்டும். எங்கள் வீட்டில் சத்தியம் செய்கிற வழக்கம் கிடையாது, வேதத்தில் கூடாது என்றிருக்கிறது. ஆகவே அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் நான் ஜெபம் பண்ணும் முறை வந்தபோது, "ஆண்டவரே, என் வார்த்தையை இந்த வீட்டில் யாரும் என்னைக் கேட்காமல் அழிக்காதபடி காத்துக்கொள்ளும்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்தேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னாள். அவர் சிரிக்காமல் ஆமென் சொன்னார். அவர் ஆமென் சொன்னால் சொன்னதுதான்.

கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகப் போயிற்று. காலையில் என் குரல் எழுப்பும், நான் எழுந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் போனைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன். இதைக்கூடக் காலை வேளையில் அந்தப் போனிடம் பேசித்தான் எழுதுகிறேன், பேசினால் அது எழுத்தாக்கித் தருகிறது. எனக்கு நினைவில்லாத இடங்களை அவரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது சொல்லிவிடுவேன்.

அது ஒரு முற்பகல். அவர் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் ஓயாமல் இருப்பதால் யாரும் அதைக் கேட்பதே இல்லை. திடீரென்று கரண்ட் போயிற்று. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அந்த அமைதியில், பேட்டரியில் ஓடுகிற ஸ்பீக்கர் பேசியது.

"ஏட்டி."

என் குரல்தான். ஆனால் டீச்சர் குரல் இல்லை. மேலநீலிதநல்லூரில் என் அம்மா வீட்டில், கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்ட குரல். டீச்சர் டிரெயினிங்குக்குப் போன வருஷமே நான் இஸ்திரி போட்டு மடித்து உள்ளே வைத்துவிட்ட பேச்சு அது. வகுப்பில் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை, வீட்டிலும் வந்ததில்லை.

"ஏட்டி, நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ. அந்த ஆளு வெளிய போயிருக்க நேரமாப் பாத்துச் சொல்லுதேன். அவன் உன் வீட்டுக்காரரு இல்ல. அவரு மாரியே இருக்கான். அவரு சட்டையப் போட்டிருக்கான். ஆனா அவரு இல்ல."

கீரைக் காம்பு கையிலேயே இருந்தது. கரண்ட் வந்தது, தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நான் போனை எடுத்துத் தேடினேன். காலை மாத்திரைக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் அது இருந்தது. முந்தின நாள் மத்தியானம் பதிந்தது. தினமும் இதே நேரத்துக்குப் பேசும்படி வைத்திருந்தது. என் விரல் வைக்காமல் அதைச் செய்திருக்கவே முடியாது. முந்தின நாள் மத்தியானம் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டது நினைவிருந்தது. அதற்குப் பிறகு சாயங்கால ஜெபம் நினைவிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவில் ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்றுகூட அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துப் போனைக் காதில் வைத்து மறுபடி கேட்டேன். அவள் மூச்சு வாங்குவது கேட்டது. அவளுக்குப் பின்னால் தறிச் சத்தம். அதற்கும் பின்னால், தெளிவாக, அடுக்களையில் யாரோ டம்ளரில் ஸ்பூன் விட்டுக் கலக்குகிற சத்தம்.

அவர் கத்திரிக்காயோடு வந்தார். "உங்கள் கணவர் வந்திருக்கிறார்" என்று அந்தக் குழைகிற குரல் வாசலில் அறிவித்தது. நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். காது மடலில் மச்சம் இருந்தது. பஸ் கதவில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல் இருந்தது. "என்ன டீச்சர், புதுசாப் பாக்குத?" என்றார். "கத்திரிக்காய் முத்தலா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் இது நோய் முற்றுகிறது என்பார்கள், மகள் பறந்து வருவாள், போனை வாங்கி வைப்பார்கள், அப்புறம் என் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். அது ஒரு காரணம். உண்மையான காரணம் பயம். முதலில் அவரைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை, அவளைப் பற்றித்தான். என் வீட்டில், என் உடம்பில், என் விரலை எடுத்து வைத்துப் போனைத் திறந்து பேசிவிட்டுப் போகிறாள், எனக்குத் தெரியவில்லை. எந்தப் புடவை கட்டியிருந்தேனோ அதே புடவையோடு இந்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருப்பாள்.

மறுநாளும் பேசினாள். நாள் போகப் போகப் புதிதாகச் சேர்த்தாள். "அவன் காப்பியில என்னத்தையோ போடுதான், பாத்துக்கோ." "அவன் நடையப் பாரு. உன் வீட்டுக்காரரு இப்படியா நடப்பாரு?" இதைக் கேட்ட பிறகு அவர் நடப்பதைப் பார்த்தேன். வேறு மாதிரித்தான் இருந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுக்கிறார். எப்போதிலிருந்து? எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் மாத்திரையைக் கையில் கொடுத்தால், "வச்சிட்டுப் போங்க" என்று சொல்லி, அட்டையிலிருந்து நானே வேறு ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். காப்பியை முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷர், அவர் பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனேன். சொல்வதற்கே நாக்கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் போடி என்று விரட்டியிருப்பேன். சொன்னது நான். நான் சொன்னால் மட்டும் நம்புவேன் என்றுதானே இந்த ஏற்பாடே.

பிறகு கேமராவைப் பார்த்தேன். வாசலில் வருகிறவர், போகிறவர் படம் எல்லாம் போனில் விழும். காலையில் அவர் பையோடு போகிறார், பையோடு வருகிறார். அதில் ஒரு குழப்பமும் இல்லை. மத்தியானம் மூன்று மணி வாக்கில் இன்னொரு படம். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, அவர் வாசலில் நிற்கிறார். "உங்கள் கணவர் வந்திருக்கிறார்." அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். வந்த படம் உண்டு. போன படம் இல்லை. நான் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தேன். நேரக் காப்பாளர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? போகாத வண்டி எப்படி வரும்? மத்தியானம் வீட்டுக்குள் ஒருவர் இருக்கும்போதே, வாசல் வழியாக இன்னொருவர் வருகிறார்.

அன்று சாயங்காலம் கேட்டேன். "மத்தியானத்துல எங்கயும் போறீங்களா?"

அவர் வேதப் புத்தகத்தில் அடையாள நாடாவைச் சரி செய்துகொண்டிருந்தார். "இந்த வெயில்ல எங்க போகப் போறேன்?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜெபத்தில், வழக்கமாகச் சொல்வதெல்லாம் சொல்லி முடித்து, "ஆண்டவரே, மத்தியானத்தை லேசாக்கும்" என்றார். கொஞ்ச நாளாகவே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெயிலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து ஆமென் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஆமென் வாயில் வரவில்லை.

இதற்கு அடுத்தது எப்படித் தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. என் நினைவு பின்வாசலில் தொடங்குகிறது. நான் அடுக்களையில் நிற்கிறேன். கையில் கரண்டி. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு ஆளின் முதுகு வெளியே போகிறது. பனியன், வேட்டி. கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறான். நான் அவனைப் போகச் சொல்லியிருக்கிறேன் என்பது தெரிகிறது, தொண்டை கத்திய தொண்டையாகக் காய்ந்திருக்கிறது. எதற்கு என்று தெரியவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெயில் கொல்லை முழுவதும் வெள்ளையாக விழுந்து கிடக்கிறது.

பின்னாலேயே போனேன். செருப்புப் போடவில்லை, மண் சுட்டது. எங்கள் வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு முடுக்கு உண்டு, ஆள் ஒருக்களித்துப் போகலாம். அவன் அந்த முடுக்கில், சுவரோரம் ஒரு சாண் நிழலில் நின்றான். துணி காயப் போடுகிற கொடியிலிருந்து எடுத்து வந்த வெள்ளைச் சட்டையை உதறிப் போட்டான். பட்டனைக் கழுத்து வரைக்கும் போட்டான். மடியிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்தான். சின்னச் சீப்பால் தலையை வாரினான், முன்பக்கம் ஒரு தரம், வலதுபக்கம் ஒரு தரம். முதுகை நிமிர்த்தினான். என் கண் முன்னாலேயே, ஒவ்வொன்றாக, அந்த ஆள் என் வீட்டுக்காரராக ஆனான்.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அவள் சொன்னது அத்தனையும் சரி என்று தோன்றியது. அப்போது அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் சீப்புப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்த முகத்தில் அகப்பட்டுக்கொண்ட திருடனின் பயம் இல்லை. ரிசல்ட் பார்க்க வந்து போர்டு முன்னால் நிற்கிற பிள்ளைகளின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முகம்.

"டீச்சர்," என்றார். "இப்ப நான் யாரு?"

கரண்டி கையில் இருந்தது. என் கால் சுடுவது அப்போதுதான் உறைத்தது. காது மடலைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை வேறு எந்த மனுஷனும் என்னிடம் கேட்டிருக்க முடியாது.

"நீங்கதான்," என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உள்ள வா, கால் சுடும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன். சில மாசமாகவே மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நான் அவரைப் பார்த்து, "நீங்க யாரு? இங்க என்ன செய்யுதீங்க?" என்று கேட்கிறேனாம். எல்லா நாளும் இல்லை, ஆனால் வர வர அதிகம். முதலில் அவர் நான்தான் நான்தான் என்று கல்யாணப் போட்டோவைக் காட்டியிருக்கிறார். நான் இன்னும் கத்தியிருக்கிறேன். மகள் போனில் சொல்லியும் நான் நம்பவில்லை. ஒரு நாள் நான் வெளியே போகச் சொன்னபோது, தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று கொல்லை வழியாகப் போயிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து வேறு வழி தெரியாமல் முன்வாசலில் மணியடித்திருக்கிறார். கேமரா பேசியிருக்கிறது. நான் கதவைத் திறந்து, "வந்துட்டீங்களா? இவ்வளவு நேரமா எங்க போனீங்க? எவனோ ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்துட்டான்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேனாம்.

"அன்னையிலயிருந்து அதான் வழி," என்றார். "நீ போகச் சொல்லுத, போறேன். டூட்டிக்குப் போன சட்டையப் போட்டுக்கிட்டு முன்வாசல் வழியா வாரேன். வந்தா நாந்தான்."

"அவ போன்ல பேசி வச்சது?"

"தெரியும். நீ பேசும்போது அடுக்களையில நின்னு காப்பி கலக்கிக்கிட்டிருந்தேன்."

"ஏன் சொல்லல? ஏன் அழிக்கச் சொல்லல?"

"ஆமென் சொல்லியிருக்கேம்லா," என்றார். அப்புறம், "காலையில நீ நல்லா இருக்க. அந்த நேரத்தயாவது ஏன் கெடுக்கணும்னு பாத்தேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த வெயிலில், இழுக்கிற காலோடு, தினமும் முடுக்குக்குள் நின்று சட்டை மாற்றியிருக்கிறார். நான் காலையில் எழுந்து அவர் காப்பியை முகர்ந்து பார்த்திருக்கிறேன். போனை எடுத்து அவள் பேசியதையெல்லாம் வரிசையாக வைத்து, "அவள இப்பவே அழிச்சிடறேன்" என்றேன்.

"அழிச்சா திரும்பப் பண்ணுவா," என்றார் அவர். அவரும் அவள் என்றுதான் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. அவருக்கு அவளைத் தெரியும். மத்தியானம் முழுவதும் அவளோடு இருக்கிறவர் அவர்தான். எனக்குத்தான் அவளைத் தெரியாது.

"அவ எப்படி இருப்பா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ரொம்பப் பயப்படுதா. அந்தக் கதவு மூலைல போய் நின்னுக்கிடுதா. கரண்டிய விடவே மாட்டா. நான் உக்காந்தா அவளும் உக்காருவா, நான் எந்திரிச்சா அவளும் எந்திரிப்பா."

அவள் என்னைப் பயமுறுத்துவதாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் யாரோ ஒரு ஆள், உதவிக்கு யாரும் இல்லை, அந்த நேரத்தில் அவளுக்குக் கூப்பிடத் தோன்றிய ஒரே ஆள் நான். அவன் மார்க்கெட்டுக்குப் போகிற நேரத்தில் என் காதில் மட்டும் விழும்படி பார்த்து, நடுங்கிக்கொண்டே எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். அழிக்கிற பட்டனுக்கு மேலே என் விரல் நின்றது. அது அவள் விரலும்தான். இந்த வீட்டில் யாரும் என் வார்த்தையை அழிக்கக் கூடாது என்று ஜெபம் பண்ணியவள் நான். அதில் அவளும் அடங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

முதலில் அவளுக்குப் பதில் சொல்லி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசும்படி நேரம் வைத்தேன். "டீச்சர், இவர்தான் உன் கணவர்" என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அதச் சொன்னா நம்ப மாட்டா. எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. என்னையும் உன்னையும் சேத்துக் கள்ளக்கூட்டுன்னு நினைச்சிருவா."

அவர் சொன்னது சரி. நான் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். அப்படியானால் என்ன சொல்வது? நம்பாதவளிடம் நம்பு என்று சொல்லக் கூடாது. அவள் பார்ப்பது ஒரு வேற்று ஆள். அந்த வேற்று ஆளுக்குத்தான் நான் ஜாமீன் நிற்க வேண்டும். அவரை எதிரே வைத்துக்கொண்டு, அவர் யாரோ என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

டீச்சர் பேச்சில் அது வரவில்லை. அம்மா வீட்டுப் பேச்சைத் தேடிப் பிடித்தேன். நாக்கு அதற்குச் சுலபமாகத் திரும்பியது எனக்கே அதிசயமாக இருந்தது.

"ஏட்டி, நாந்தான் பேசுதேன். பயப்படாத. நீ சொன்னதெல்லாம் கேட்டேன். அங்கன நிக்க ஆளு உன் வீட்டுக்காரரு இல்லன்னா இல்லாமப் போகட்டும். ஆனா அவரு நல்ல ஆளு. எனக்குத் தெரிஞ்ச ஆளு. நாந்தான் உனக்குத் துணைக்கு இருக்கச் சொல்லியிருக்கேன். அவரு குடுக்க காப்பியக் குடி, மாத்திரையப் போட்டுக்கோ. கரண்டியக் கீழ வை. உன் வீட்டுக்காரரு சாயங்காலம் வந்துருவாரு."

பேசி முடித்துத் தலையைத் தூக்கினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். சீ, இந்த வயசில் என்ன இது என்று அவரையும் திட்டினேன். பிறகு அவள் பேசியதை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிப்பதற்கு முன் ஒரு தரம் முழுதாகக் கேட்டேன், அந்த அளவுக்காவது அவளுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பட்டது.

அடுத்த நாள் மத்தியானம் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. இதுவும் அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். சாயங்காலம் எனக்குத் தெளிந்தபோது அவர் வெள்ளைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வியர்த்திருந்தது. நான் ஏமாந்து போனேன்.

"இன்னைக்கும் விரட்டிட்டாளா?"

"இல்ல, இல்ல," என்றார். "உக்காருங்கன்னு சொன்னா. கரண்டிய மேசை மேல வச்சுட்டா. காப்பியக் குடிச்சா. நீங்க குடிச்சாச்சான்னு கேட்டா."

"அப்புறம்?"

"எந்த ஊருன்னு கேட்டா. சொன்னேன். கல்யாணம் ஆயிட்டான்னு கேட்டா. ஆயிட்டுன்னேன். பெண்டாட்டி எப்படின்னா. கோவக்காரி, டீச்சர் வேலைன்னேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சொன்னா, ‘எனக்குத் துணைக்கு இருந்தது போதும், அண்ணாச்சி. நீங்க வீட்டுக்குப் போங்க. நேரமாச்சுன்னா அவ உங்களக் காணும்னு தேடுவா’ன்னு."

நான் அவர் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்றிவிட்டேன்.

"அதான் போயிட்டு வந்தேன்," என்றார்.